சிரிப்பின் வழி வந்த சிற்றன்னை

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"குடும்பமும் பொழுதுபோக்கும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். இத்தலைப்பின்கீழ்ச் சினிமாவையும் தொலைக்காட்சியையும் ஒரு மணி நேரம் வைதுவிட்டு அமர்வது எளிது. அங்ஙனம் வைதபின் வீட்டிற்குச் சென்று இரவுத் தொடரின்முன் அமர்வது அதனினும் எளிது. யாம் அவ்வழிச் செல்லாது, ஒரே ஒரு வினாவை மட்டும் இச்சபையின் முன் வைக்க விரும்புகின்றோம். தாய், தகப்பன், அவர்கள் பெற்ற மக்கள் என்று இலக்கணம் பிசகாது அமைந்த வீட்டின் கதையைக் காட்டிலும், ஓரிடத்தில் குறைந்தோ மிகுந்தோ அமைந்த வீட்டின் கதையை நம்மவர் இத்துணை ஆசையோடு பார்த்துச் சிரிப்பதற்குக் காரணம் யாது?

உதாரணத்திற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கோபிசெட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோயிலிற் பிறந்த திரு. பாக்கியராஜ் கதையெழுதி, இயக்கி, தாமே நாயகராகவும் நடித்து, ஏவி.எம். நிறுவனத்தாரால் 1983ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற "முந்தானை முடிச்சு" என்னும் படத்தை இங்குள்ளோரிற் காணாதார் மிகச் சிலரே. கொட்டகைக்குச் செல்லாதாரும் பின்னாளில் தொலைக்காட்சியிற் கண்டிருப்பர். முருங்கைக்காய் என்ற மாத்திரத்திலேயே பின்வரிசையில் நகைப்பொலி கேட்கின்றது; ஆகவே கதையை விரிக்க வேண்டுவதில்லை. எனினும் எம் வாதத்திற்கு வேண்டிய அளவு சொல்லுகின்றோம்.

மனைவியை இழந்த உபாத்தியாயர் ஒருவர் கைக்குழந்தையுடன் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வந்து சேர்கின்றார். மறுமணம் செய்துகொள்ள அவருக்கு மனமில்லை. வருகின்றவள் மாற்றாந்தாயாய் நின்று குழந்தையை வாட்டுவாள் என்பது அவரது அச்சம். அவ்வூர்ச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு குறும்பு செய்து திரியும் பரிமளம் என்னும் பெண் அவரையே மணப்பதென்று உறுதி கொள்கின்றாள். அவர் இணங்காமையால், அவர் தன்னைக் கெடுத்துவிட்டார் என்று ஊரார் முன் பொய் கூறுகின்றாள். அப்பொய்யை நிலைநாட்ட அவர் குழந்தையையே தாண்டிச் சத்தியமும் செய்கின்றாள். குழந்தையைத் தாண்டிப் பொய்ச்சத்தியம் செய்தால் அக்குழந்தைக்கு ஆகாது என்பது நாட்டு நம்பிக்கை. ஊர் அவளை நம்பிவிடுகின்றது. தாலி ஏறுகின்றது. ஆனால் கணவர் மனம் மட்டும் இரங்குவதில்லை.

இப்படத்திற்கு முன்னும் நல்ல சிற்றன்னையர் கதைகள் இருந்தன. அவற்றில் வருபவள் பெரும்பாலும் தெய்வப்பிறவி. வாசற்படி மிதித்த அன்றே மூத்தாள் பிள்ளையை மார்போடணைத்துக் கண்ணீர் வடிப்பவள். அவளைக் கண்டு வணங்கலாமேயன்றிச் சிரிக்க இயலாது. பரிமளமோ தெய்வமும் அல்லள், அரக்கியும் அல்லள். அவள் பொய்க்காரி; குறும்புக்காரி; குழந்தையை முன்னிட்டன்று, குழந்தையின் தகப்பனை முன்னிட்டே அவ்வீட்டினுள் நுழைந்தவள். நுழைந்தபின், எந்தக் குழந்தையைத் தாண்டிப் பொய்யுரைத்தாளோ அந்தக் குழந்தையைத் தூக்கியும் தாலாட்டியும் நாளடைவில் அதற்குத் தாயாகிவிடுகின்றாள். அவள் தாயாவதற்கு முன்பே நாம் அவளுடன் சேர்ந்து சிரித்துவிட்டோம். சிரித்துப் பழகியவளைப் பின்னர் வெறுப்பது கடினம். கதாசிரியரின் சாமர்த்தியம் இதுவே என்பது எமது அபிப்பிராயம்.

நம் வீடுகளிலும் உண்மை இதுவேயன்றோ? இரண்டாந்தாரமாக வந்த எந்தப் பெண்ணும் வந்த அன்றே தாயாகிவிடுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவு ஒன்று, பள்ளிக்கூடத்திற்குத் தூக்கு நிறைத்துக் கொடுத்த காலைகள் பல, அடித்துவிட்டுத் தானும் அழுத மாலை ஒன்று என்று சிறுகச் சிறுகவே அவ்வுறவு விளைகின்றது. இலக்கணம் பிசகாத வீட்டில் இவ்வுறவுகள் யாவும் பிறப்பிலேயே கிடைத்துவிடுவதால், கதையில் நிகழ்வதற்கு யாதொன்றுமில்லை. குறைவுள்ள வீட்டிலோ ஒவ்வோர் உறவும் நம் கண்முன்னே உண்டாக்கப்படுகின்றது.

திரு. பாக்கியராஜ் இவ்விஷயத்தை ஒருமுறை தொட்டு விட்டாரில்லை. 1981இல் வந்த "மௌன கீதங்கள்" கணவனை விலக்கி மகனுடன் தனித்து வாழும் பெண்ணின் கதை. 1994இல் வந்த "வீட்ல விசேஷங்க" மனைவியை இழந்தவர் வீட்டினுள் நினைவிழந்த பெண்ணொருத்தி தாயாக வந்த கதை. மூன்றிலும் வீடு உடைந்த நிலையிலிருந்தே கதை தொடங்குகின்றது. மூன்றிலும் நாம் சிரிக்கின்றோம். முந்தானை முடிச்சோ தெலுங்கிலும், 1985இல் "மாஸ்டர்ஜி" என்ற பெயரால் இந்தியிலும், பிற்பாடு கன்னடத்திலும் எடுக்கப்பெற்றது. ஆகவே இவ்வாசை கொங்கு நாட்டாருக்கு மட்டும் உரியதன்று.

கடல்கடந்த நாட்டாரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவில் 1969 முதல் 1974 வரை நடந்த "பிராடி பஞ்ச்" என்னும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், மூன்று ஆண்மக்களையுடைய ஒருவரும் மூன்று பெண்மக்களையுடைய ஒருத்தியும் மணந்து ஒரே வீட்டில் வாழ்கின்றனர். அவர் மனைவியை இழந்தவர் என்பது தெளிவு. அவளுடைய முதற் கணவர் என்னவானார் என்பதைத் தொடர் தெளிவாகச் சொல்லவேயில்லை. மணவிலக்குப் பெற்றவள் என்று வெளிப்படக் கூற அக்காலத்தில் அந்நாட்டிலும் தயக்கம் இருந்தது போலும்! 2009 முதல் 2020 வரை நடந்த "மாடர்ன் ஃபேமிலி" என்னும் தொடரிலோ மறுமணம் செய்த முதியவர், அவர் இளைய மனைவி, அவள் முன்கணவனுக்குப் பெற்ற மகன், பெண்குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கும் இரு ஆடவர் ஆகிய யாவரும் ஒரே குடும்பமாய்க் காட்டப்பட்டனர். ஆங்குத் தயக்கம் நீங்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிற்கு மீளுவோம். 1999 முதல் 2001 வரை சன் தொலைக்காட்சியில் "சித்தி" என்னும் தொடர் நடந்தது. அது நகைச்சுவைத் தொடரன்று, கண்ணீர்த் தொடரே. எனினும் சித்தி என்னும் அச்சொல்லை நாள்தோறும் இரவு வீட்டுக்கு வீடு மரியாதையோடு ஒலிக்கச் செய்த பெருமை அதற்கு உண்டு. திருமதி ராதிகா சிற்றன்னையாக நடிக்க, நம் சூலூர்ப் பக்கத்துக் காசிகவுண்டன்புதூரிற் பிறந்த திரு. சிவகுமார் அவர் கணவராக நடித்தார். திரு. சிவகுமாரோ பிறந்து ஓராண்டு நிரம்புமுன் தந்தையை இழந்து, தாயொருத்தியின் உழைப்பால் வளர்ந்தவர். இதனை அவரே பல மேடைகளில் உருக்கமாகக் கூறியுள்ளார். தந்தையில்லா வீடு எத்தகைய மகனை வளர்க்கும் என்பதற்குக் கொங்கு நாட்டில் வேறு சான்று தேட வேண்டுமோ? பழங்கதையை வேண்டுவோர்க்கு உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதை இருக்கின்றது. பொன்னரும் சங்கரும் பிறந்தவுடனே பெற்றவர் கண்ணுக்கு மறைக்கப்பட்டு, வேறிடத்தில் வளர்ந்தவர்களே. அவர்களை நாம் கும்பிடுகின்றோம். வளர்த்த கை எவர் கையென்று கேட்டு அருவருப்பதில்லை.

இனி, படத்தைப் புகழ்ந்தது போதும். முந்தானை முடிச்சின் முடிவில் எமக்கு ஒரு குறை உண்டு. தனக்கென்று பிள்ளை பிறந்தால் மூத்தாள் பிள்ளையின்மீது அன்பு குறையும் என்னும் கணவரின் ஐயத்தைத் தீர்க்கப் பரிமளம் கருத்தடை அறுவைக்கே துணிந்துவிடுகின்றாள். கணவர் ஓடிச்சென்று தடுத்த பின்னரே அவளுக்கு மனைவியென்னும் இடம் கிடைக்கின்றது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் ஊர்தோறும் நடந்த காலம் அது. ஆதலின் பார்த்தவர்க்கு அக்காட்சி உடனே விளங்கிற்று. பொய்ச்சத்தியம் செய்தவளுக்கு மெய்ச்சத்தியம் ஒன்று வேண்டுமென்று கதை கேட்பதும் எமக்கு விளங்குகின்றது. ஆயினும் கேட்கின்றோம்: குழந்தையோடு வந்த தகப்பனிடம் எவரும் யாதொரு சத்தியமும் கேட்கவில்லையே! நல்ல தாய் என்று சீட்டுப் பெறுதற்குத் தன் வயிற்றையே ஈடு வைக்குமாறு இருந்தது அவள் ஒருத்திக்கு மட்டுமன்றோ? கொட்டகையில் அந்த இடத்தில் தாய்மார்கள் அழுதனர். பரிமளத்திற்காக மட்டுமே அழுதனர் என்று யாம் கருதவில்லை.

சட்டமும் இவ்வுறவைச் சற்று ஒதுக்கியே வைத்திருக்கின்றது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு பெண் உயிலெழுதாமல் இறந்தால் அவள் மக்கள் என்ற சொல்லில் மாற்றாந்தாய்ப் பிள்ளை அடங்கான். கணவன் வழி வாரிசு என்ற முறையிலேயே, பின்வரிசையில் அவன் வருவான். 1987இல் உச்சநீதிமன்றமும் அங்ஙனமே கூறிற்று. தாம் வளர்த்த பிள்ளைக்குத் தம் பொருளிற் பங்கு வேண்டுமென்று கருதும் சிற்றன்னையர் உயிலெழுதி வைத்தல் நன்று. இதனைச் சபையிலுள்ள வழக்கறிஞர் அன்பர்கள் உரியவர்களுக்கு எடுத்துரைக்குமாறு வேண்டுகின்றோம்.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். பெண் கிடைக்காமையால் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மணம் செய்து வந்த மருமகள், அடுப்படியில் மலையாளமும் தோட்டத்தில் நம் பேச்சுமாகப் பிள்ளை வளர்க்கும் வீடுகள் இன்று நம் ஊர்களில் உண்டு. பெற்றவர் இருவரும் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்க, அப்புச்சியும் அம்மிச்சியுமே பேரப்பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் உண்டு. மணவிலக்குப் பெற்று மகளுடன் தாய்வீடு திரும்பியவர் வீடுகள் உண்டு. இவ்வீட்டாரெல்லாம் சங்கத்திற்குச் சந்தா செலுத்துகின்றனர். கோயில் வரி கொடுக்கின்றனர். ஆனால் கலியாணப் பந்தலிலோ, பெற்ற மகனுக்கு மணம் நடக்கும்போதே கைம்பெண்ணான தாய் தூணோரம் ஒதுங்கி நிற்கின்றாள். இளையாள் மகனுக்கு இணைச்சீர் செய்ய மூத்தாள் மகள் முன்வந்தால், அருமைக்காரர் ஒன்றும் சொல்லாதிருக்கவும் உறவினர் முகம் பார்த்துக்கொள்கின்றனர். பரிமளத்திற்காகச் சிரித்தும் அழுதும் தீர்த்தவர்கள் இதே உறவினர்கள்தாம்.

திரையிலுள்ளவள் நம் சொத்திற் பங்கு கேட்கமாட்டாள். நம் பந்தலில் வந்து நிற்கமாட்டாள். ஆதலால் அவளிடம் தாராளமாயிருப்பது எளிதென்று சிலர் கூறுவர். ஓரளவு மெய்யே. எனினும் யாம் அதனோடு முற்றும் உடன்படவில்லை. எவ்வீட்டில் இத்தகைய கதையைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கின்றனரோ, அவ்வீட்டில் இத்தகைய வரன்பற்றிப் பேச்செடுப்பது சற்று எளிதாகின்றது என்பதைக் கண்டிருக்கின்றோம். "பரிமளம் மாதிரிப் பொண்ணு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரிக்க, அச்சிரிப்பினூடே பேச்சு மேற்செல்கின்றது.

அதுபற்றியே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்து வரன் பதிவேட்டில் மறுமணத்திற்கென்று தனியே வைத்திருக்கும் கடைசிப் பக்கங்களில் ஆண்கள் பெயரே மிகுதி. பெண்வீட்டார் பதியக் கூசுகின்றனர். பதிந்தோரும் குழந்தை உண்டா என்னும் இடத்தை நிரப்பாமல் விடுகின்றனர். அப்பக்கங்களைக் கடைசியினின்று எடுத்து மற்ற வரன்களோடு அகர வரிசையிற் சேர்க்கவும், குழந்தை உண்டா என்று கேட்கும் இடத்தில் குழந்தையின் பெயரையும் வயதையும் எழுத ஒரு வரி விடவும் காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். புதிய பதிவேடு தை மாதம் அச்சிற்குச் செல்வதாக அறிகின்றோம்; அதற்கு முன் நிர்வாகக் குழுவினர் இதனை எடுத்துக்கொள்வார்களாக.