சேதி முந்திக்கொண்டது

திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பார்த்திருப்பீர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். ஆனால் முதல் நாள் இரவே பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போய்விட்டன. சேதி முந்திக்கொண்டது!

முற்றத்தில் நெல் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மழை வருது, அள்ளுங்கோ!" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினால்தானே நெல் தப்பும்?

அந்த நாட்களில் அப்படி முதலில் கத்தியவர் லெனார்ட் பர்ச்சால், கனடா விமானப்படை வேவு விமானி. ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்தவர், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சேதியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாம் முறை அனுப்பும்போதே வானொலிக் கருவியில் குண்டு பட்டது. விமானம் கடலில் விழுந்தது. ஆனாலும் சேதி கொழும்புக்குப் போய்விட்டது. சேதி முந்திக்கொண்டது!

பிடிபட்ட பர்ச்சாலுக்குப் பிறகு மூன்றாண்டுக்கு மேல் ஜப்பானில் சிறை. எனக்கு வியப்பே இங்கேதான். நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது எதிர்த்து நின்றார், அடி வாங்கினார். நடந்த கொடுமைகளை ரகசியமாக எழுதியும் வைத்தார். போர்க்குற்ற விசாரணையில் அந்தக் குறிப்புகள் சாட்சியாயின.

1967இல் விமானப்படையிலிருந்து ஓய்வு. அதன் பிறகு ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலை. 2004இல் காலமானார்.