கொடுத்த கை ஏந்தும் கையாகலாமா?



நாடக மேடையிலே பழகியவன் நான். ஆகவே ஒரு நாடகத்திலிருந்தே தொடங்குகிறேன். ஷேக்ஸ்பியர் தீட்டிய லியர் மன்னன் கதை அது. எண்பதைத் தாண்டிய வேந்தன், முடியின் சுமை தாளாமல் நாட்டைப் பங்கிட்டான். இனிக்க இனிக்கப் பேசிய மூத்த மகள்கள் இருவருக்கும் எல்லாம்; உள்ளதை உள்ளபடி உரைத்த இளைய மகளுக்கு ஒன்றுமில்லை! தனக்கென அவன் கேட்டது என்ன? நூறு வீரர் கொண்ட பரிவாரம். மாதம் ஒரு மகள் வீட்டிலே தங்க இடம். அவ்வளவே!

நூறு எதற்கு, ஐம்பது போதாதா என்றாள் ஒருத்தி. ஐம்பதுதான் எதற்கு, இருபத்தைந்து போதாதா என்றாள் மற்றவள். பத்து எதற்கு, ஐந்து எதற்கு, ஒன்றுதான் எதற்கு என்று வந்து நின்றது கணக்கு. நாடாண்ட கிழவன் நள்ளிரவிலே, கொட்டும் மழையிலே நின்றான். நிபந்தனை போடாமலா கொடுத்தான்? போட்டான், தோழர்களே! ஆனால் வாயால் போட்டான். வாய்ச்சொல் காற்றோடு போயிற்று. கைப்பொருள் மகள்களோடு போயிற்று.

அரண்மனைக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? மூன்று சென்ட் நிலமும் ஓட்டு வீடும் உடையவனும் தன் வாசற்படிக்குள்ளே மன்னன்தான். அந்த மன்னனைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுகிறான் மகன்.

"இது என்ன பத்திரம், தம்பி?"

"செட்டில்மென்ட்தான் அப்பா. வீடு என் பேருக்கு மாறும்; உங்களுக்கு ஒன்றும் குறையாது."

"அப்படியானால் சரி. எங்கே கையெழுத்து?"

பத்திரத்திலே என்ன எழுதியிருக்கிறது? 'உன்மீது எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்' என்று தொடங்குகிறது; 'எக்காரணம் கொண்டும் இதை ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை' என்று முடிகிறது. தொடக்கத்திலே பாசம், முடிவிலே பூட்டு! சோறு போடவேண்டும், மருத்துவம் பார்க்கவேண்டும், இறுதிவரை இந்த வீட்டிலே இருக்கவிடவேண்டும் என்ற மூன்று வரிகளை அங்கே காணோம்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான், சட்டம் பயின்றவனல்லன். ஆனால் ஏழை வீட்டுச் சொத்தைக் காக்கும் சட்டத்தை வழக்கறிஞர் மட்டுமே அறிந்தால் போதாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் நிறைவேறியது. அதன் 23-ஆம் பிரிவு சொல்லுவது இதுதான்: சட்டம் நடைமுறைக்கு வந்தபின், தம்மைப் பேணவேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்தவர் சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் அதை மறுத்தால், அது மோசடியால் பெறப்பட்டதாகவே கருதப்படும், கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

நிபந்தனையோடு என்ற சொல்லைக் கவனியுங்கள். வழக்குகள் எல்லாம் அந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடந்தன. நிபந்தனை இருந்ததாக நிலைநாட்டப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரிலே கூறியது உச்ச நீதிமன்றம். முதியோர் நலனுக்கான சட்டத்தைத் தாராள மனத்தோடு பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியிலே அதே நீதிமன்றம் கூறி, ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அன்பின் பேரில் எழுதிக்கொடுத்ததிலேயே பேணவேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சிலே சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துரைத்தது. நல்ல தீர்ப்பு! ஆனால் மூன்று வரி எழுதியிருந்தால், முதுமையிலே படியேறும் அலைச்சல் குறைந்திருக்குமே!

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அதன் பெயர் உயில். செட்டில்மென்ட், பதிவான அன்றே உரிமையைக் கைமாற்றுகிறது. உயிலோ, எழுதியவர் கண்மூடிய பிறகே பேசுகிறது. உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையது. மனம் மாறினால் உயிலும் மாறும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை. தெளிந்த மனத்தோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் இருவர் ஒப்பமிட வேண்டும். பங்கு பெறாதவர் சாட்சியாக இருப்பதும், பதிவு செய்துவிடுவதும் பிற்காலச் சச்சரவைக் குறைக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். உயில் எழுதாமல் கணவர் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் சொத்திலே மனைவிக்கும், மகனுக்கும், மகளுக்கும், உயிரோடிருந்தால் அவர் தாய்க்கும் சமபங்கு உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, கண்ணீர் காயுமுன்னே, விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்களே, அது எதை விடுவிக்கிறது? உங்கள் பங்கிலிருந்து உங்களை விடுவிக்கிறது! ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவசரம் காட்டினால், அந்த அவசரத்துக்குக் காரணம் கேளுங்கள்.

"பெற்ற பிள்ளையை ஐயுறுவதா? பாசத்துக்குப் பத்திரமா?" என்று சீறுவோர் உண்டு. நல்ல பிள்ளைக்கு இந்த மூன்று வரியால் இழப்பென்ன? செய்யப்போவதைத்தானே எழுதச் சொல்லுகிறோம்! எழுத மறுப்பவன் எதை மறுக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். பாசத்தைச் சட்டம் ஊட்ட முடியாது. பசியை அது தடுக்க முடியும்.

ஏற்கெனவே ஏமாந்தவருக்கும் கதவு மூடவில்லை. தமிழகத்திலே வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்திலே மனுக் கொடுக்கலாம். பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வரம்பு கட்டியது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த விலைவாசியிலே அது போதுமா என்று கேட்பது நம் கடமை. முதியோர் உதவிக்கு 14567 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதைத் தெருவெங்கும் அறிவிப்பதும் நம் கடமை.

தோழர்களே! வாக்குக் கேட்கப் படியேறும் நீங்கள், வாழ்ந்து களைத்தவர்க்காகவும் ஒருமுறை படியேறுங்கள். பத்திரம் எழுதப் போகும் முதியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "படித்துக் காட்டினார்களா ஐயா? நிபந்தனை எழுதியிருக்கிறதா? உயில் போதாதா?" அந்த மூன்று கேள்விகள் ஒரு கிழவனை மழையில் நிற்காமல் காக்கும், ஒரு தாயை அவள் அடுப்பங்கரையிலேயே உரிமையோடு இருக்கவைக்கும்.

கொடுக்கட்டும் பெற்றவர்கள், கொடுத்த பிறகும் நிமிர்ந்து நிற்கட்டும்!