செட்டும் மிச்சமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



குடும்பச் செட்டைக் குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளீர்கள். நகரத்தாருக்குச் செட்டை உபதேசித்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் நம் முன்னோர் எவ்வழியில் செட்டாக வாழ்ந்தனர் என்பதை நினைவூட்டுதல் அவசியமென்று கருதுகின்றோம்.

செட்டிநாட்டில் மணமான மகனையும் மருமகளையும் பெரியவர்கள் வேறு வைப்பது வழக்கமாயிருந்தது. ஒரே வளவில், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் அவர்களுக்கு அறை வேறு, அடுப்பு வேறு. ஆண்டொன்றுக்கு இத்தனை மூட்டை அரிசி, இவ்வளவு ரொக்கம் என்று அளந்து கொடுப்பர். அதற்கு மேல் எக்காரணம் பற்றியும் கொடார். 1909ஆம் ஆண்டில் தர்ஸ்டன் துரை வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலிலும் இது குறிக்கப்பெற்றிருக்கின்றது.

இவ்வேற்பாட்டில் இரண்டு நன்மைகள் உள. செலவுக்கு எல்லை வகுத்தது ஒன்று. எல்லைக்குள் மிச்சம் பிடித்தவர்க்கு அம்மிச்சத்தால் பயன் உண்டென்பது மற்றொன்று. சீராக வந்த பணத்தையும் ஆச்சியின் பெயரிலேயே வட்டிக்கு விட்டுக் கணக்கு வைத்தனர். 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாகி, கடல் கடந்த முதல் முடங்கிய காலத்தில், பல வீடுகளில் அடுப்பு அணையாமல் காத்தவை ஆச்சிமாரின் நகையும் செட்டுமே.

இன்று நம்மிற் பலர் மாதச் சம்பளத்தில் வாழ்பவர்கள். எல்லை வகுப்பதை நாம் மறக்கவில்லை. மிச்சம் யாருடையது என்பதை மறந்தோம். எண்ணெயையும் காப்பித்தூளையும் குறைத்து ஒரு பெண் மாதம் 1,500 ரூபாய் மிச்சம் பிடிக்கின்றாள் என்று கொள்வோம். அவ்வீட்டுக் கலியாணத்தில் பந்தல் அலங்காரத்திற்கு மட்டும் 3,00,000 ரூபாய் செலவாயின், அவளுடைய 200 மாத உழைப்பு, அதாவது 16 ஆண்டு 8 மாத உழைப்பு, ஒரே மாலையில் கரைந்துபோகின்றது. அடுக்களையில் கடுகை எண்ணி, வாசலில் பூசணிக்காயைத் தொலைப்பது செட்டாகுமா? அடுத்த மாதமும் அவள் மனமுவந்து சேமிப்பாளா?

ஆகவே மூன்று விஷயங்களைச் சபையோர் முன் வைக்கின்றோம். முதலாவது, வீட்டுச் செலவுக்கு மாதத் தொகையைக் கணவனும் மனைவியும் கூடிக் குறிப்பிட வேண்டும். இரண்டாவது, மிஞ்சுவதை மனைவியின் பெயரிலேயே, தபால் ஆபீஸில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பாகவேனும் போட்டு, அதனை மக்களின் கல்விக்கும் ஆபத்துக் காலத்திற்கும் அன்றி எடுக்கலாகாது. மூன்றாவது, கலியாணச் செலவின் திட்டத்தைக் காகிதத்தில் எழுதி, அடுக்களைக் கணக்கை எழுதுகின்றவளுடைய சம்மதமும் பெற்ற பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

செட்டென்பது ஒருவர் வாயைக் கட்டி மற்றொருவர் பெருமையை வளர்ப்பதன்று. வீட்டார் எல்லாரும் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்படுவதே செட்டு. இதனை ஆலோசித்துக் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.