நின்றுபோன பயணங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கொரோனாவும் பயணமும்’. “ஏன் சார், இதுக்கு ஒரு டாக்டரைக் கூப்பிடலாமே?” என்று கேட்டேன். “டாக்டர் வேண்டாம்ப்பா, உங்க பேட்ச் சந்திப்புதானே ரத்தாச்சு, கணக்கு நோட்டும் உன்கிட்டதானே இருக்கு” என்றார். நோட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன்.

நாங்கள் 2006-ல் உள்ளே வந்து 2010-ல் வெளியே போனவர்கள். விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2006 கடைசியில் மூடினார்கள். திறந்தது 2010-ல், நாங்கள் மூட்டை கட்டுகிற நேரத்தில். ஆக, எங்கள் கல்லூரி வாழ்க்கை முழுக்க சிதம்பரத்துக்கு ரயிலே கிடையாது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடித்தே பட்டம் வாங்கினோம். அதனால் பத்தாம் ஆண்டுச் சந்திப்புக்கு ஒரு தீர்மானம் போட்டோம்: முடிந்தவர்கள் எல்லோரும் ரயிலில்தான் வந்து இறங்க வேண்டும். 2020 ஏப்ரல் 18, 19, சனி ஞாயிறு. அப்போது 120 நாள் முன்பதிவு இருந்தது. டிசம்பரிலேயே டிக்கெட் போட்டாயிற்று. முதல் நாள் கல்லூரி, ராத்திரி சம்பா சாதம், கொத்சு. மறுநாள் காலை பிச்சாவரம் படகு, மாலை கடலூர் சில்வர் பீச்.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு. அன்றோடு பயணிகள் ரயில் நின்றது. 1853 ஏப்ரல் 16-ல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடத் தொடங்கிய வண்டி, 1974-ன் பெரிய வேலைநிறுத்தத்தில்கூட நாடு முழுவதும் ஒட்டுமொத்தமாக நின்றதில்லை. 25-ந் தேதி நாடே பூட்டிக்கொண்டது; உள்நாட்டு விமானமும் நின்றது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரி நூறு செய்தி. எல்லாம் ஒரே கேள்விதான்: “மச்சான், டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாமா?”

இதில் ரயில்வே தெளிவாகவே நடந்துகொண்டது என்று சொல்வேன். ரத்தான வண்டிக்கு இணையத்தில் வாங்கிய டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள், முழுக் கட்டணமும் தானாகக் கணக்குக்கு வந்துவிடும் என்று அறிவித்தார்கள். வந்தது. இணையச் சேவைக் கட்டணம் மட்டும் வரவில்லை. வண்டியை அவர்கள் ரத்து செய்யும்முன் அவசரப்பட்டு நாமே ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. பெங்களூர் நண்பன் ஒருவனுக்குப் பொறுமை போதாது, அன்று ராத்திரியே பட்டனைத் தட்டிவிட்டான். பிடித்தம் போக மீதிதான் கிடைத்தது. இன்றைக்கும் அவனுக்குக் குழுவில் பெயர் ‘பிடித்தம்’.

ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் கவுண்டரில் டிக்கெட் எடுத்திருந்தோம். கவுண்டர் டிக்கெட்டுக்குக் காகிதத்தை நேரில் நீட்டினால்தான் காசு. வெளியே போகவே முடியாத காலத்தில் எப்படி நீட்டுவது? அதற்கும் கெடு கொடுத்தார்கள். முதலில் பயணத் தேதியிலிருந்து மூன்று மாதம், பிறகு ஆறு, பிறகு ஒன்பது. அந்த டிக்கெட் இரண்டும் என் நோட்டுக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. போய் நீட்டினேன், எண்ணிக் கொடுத்தார்கள்.

விமானக் கதை வேறு. டில்லி நண்பன் குடும்பத்தோடு வர ரூ.20,000 கட்டியிருந்தான். அந்த நிறுவனம் பணம் தராது, ‘கிரெடிட் ஷெல்’ தருகிறோம், பிறகு பறந்துகொள்ளுங்கள் என்றது. நம் காசு, அவர்கள் பெட்டி! நாட்டில் லட்சக்கணக்கான பேருக்கு இதே கதை. ‘பிரவாசி லீகல் செல்’ என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2020 அக்டோபர் 1-ல் தீர்ப்பு வந்தது. ஊரடங்குக்கு முன்பே வாங்கிய டிக்கெட்டுக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். பண நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் கிரெடிட் ஷெல் தரலாம், ஆனால் 2021 மார்ச் 31 வரை அது செல்ல வேண்டும். யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். மிஞ்சினால் பணம் திரும்ப வேண்டும். காத்திருந்ததற்கு 2020 ஜூன் 30 வரை மாதம் அரை சதவீதம், அதன்பின் முக்கால் சதவீதம் கூடுதல். இருபதாயிரத்துக்கு மாதம் நூறு ரூபாய், பிறகு நூற்றைம்பது. “பேங்க் வட்டியை விட மேல்டா” என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஏஜென்ட் மூலம் வாங்கியவர்களுக்குப் பணம் ஏஜென்ட் வழியாகத்தான் திரும்பும் என்றும் தீர்ப்பில் இருந்தது. ஆகவே தம்பிகளே, யார் மூலம் டிக்கெட் வாங்குகிறீர்கள், அந்தக் கடை நாளைக்கும் திறந்திருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்து வாங்குங்கள்.

இதெல்லாம் திரும்பி வந்த காசு. திரும்பக் கேட்கக் கூடாத காசு ஒன்றும் நோட்டில் இருக்கிறது. சமையல்காரருக்கு முன்பணம் ரூ.10,000 கொடுத்திருந்தோம். குழுவில் ஒருவர் “அதையும் வாங்கிடலாமே” என்றார். நான் போன் போட்டேன். “தம்பி, சித்திரையிலயும் வைகாசியிலயும் எட்டுக் கல்யாணம் ஒப்புக்கிட்டிருந்தேன். ஒண்ணு வீட்டுக்குள்ளயே இருபது பேரோட முடிஞ்சுபோச்சு, மத்ததெல்லாம் தள்ளிப்போச்சு. மளிகைக்கடைக்காரர்கிட்ட வாங்கிவச்சது அப்படியே கிடக்கு” என்றார். நான் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரயில்வேக்கு ஒரு கஜானா இருக்கிறது. பந்திக்குப் பரிமாறுகிறவருக்கும், வேன் ஓட்டுகிறவருக்கும், பிச்சாவரத்தில் துடுப்புப் போடுகிறவருக்கும் எந்த நீதிமன்றம் முக்கால் சதவீதம் கொடுக்கும்? குழுவில் ஓட்டுக்கு விட்டோம். ‘இருக்கட்டும்’ என்றுதான் முடிவானது.

மே மாதம் கோயம்பேடு சந்தை வழியாகத் தொற்று நம் மாவட்டத்துக்குப் பரவியது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கடலூர்க்காரர்கள் பலர் அங்கே சுமை தூக்கியவர்கள், காய்கறி ஏற்றியவர்கள். பிழைக்கப் போன இடத்திலிருந்து வீடு திரும்பியவர்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பதை நான் இந்த மேடையில் விவரிக்க விரும்பவில்லை.

அடுத்தது துபாய் நண்பன். ஏப்ரல் சந்திப்புக்கு அவன்தான் முதலில் டிக்கெட் போட்டவன். சந்திப்பு அவனுக்குச் சாக்குதான். சிதம்பரத்தில் இருக்கும் அப்பாவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜூன் மாதம் அப்பா தவறிவிட்டார். கொரோனா இல்லை, மாரடைப்பு. மே 7 முதல் ‘வந்தே பாரத்’ விமானங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தூதரகத்தில் பதிவு செய்து கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். வேலை போனவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகள் என்று வரிசையில் எல்லோருக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒரே நாளில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்து இறங்கியதும் தனிமைப்படுத்தல்தான்.

நான் கடலூரில் இருந்ததால், ஒரே மாவட்டம் என்பதால், இ-பாஸ் இல்லாமல் போக முடிந்தது. 45 கிலோமீட்டர் பைக்கில் போனேன். துக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்பது விதி. தெருவில் ஆளுக்கு ஆள் தள்ளி நின்றார்கள். அண்ணன் கொள்ளி வைத்தார். நான் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அந்தப் பக்கம் ஒன்றுமே பேசவில்லை. கடைசியில் “மாப்ளே, கொஞ்சம் கிட்டக் கொண்டு போடா” என்றான். கொண்டுபோனேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் அவனால் வர முடியவில்லை. “இனிமே அவசரப்பட்டு வந்து என்னப்பா ஆகப்போகுது, வேலையைக் காப்பாத்திக்கோ” என்று அம்மாவே சொல்லிவிட்டார். 2021 ஜூனில் தலைத்திவசம். அப்போது இரண்டாம் அலை. ஏப்ரல் கடைசியிலிருந்து இந்தியாவிலிருந்து வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் உள்ளே விடவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. ஒருவழியாக 2021 டிசம்பரில் வந்தான். நான்தான் மீனம்பாக்கம் போய் அழைத்துவந்தேன். கடலூர் தாண்டும்வரை ரயில் பாதையைப் பற்றியும் பிள்ளைகள் படிப்பைப் பற்றியும்தான் பேசினோம். வீட்டு வாசலில் அப்பாவின் சைக்கிள் அப்படியே நின்றது. அதைத் துடைக்க ஒரு துணி கேட்டான்.

எங்கள் சந்திப்பு 2022 மே மாதம் நடந்தது, இரண்டு வருஷம் தாமதமாக. அந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் அப்போது நம்மிடையே இல்லை. இன்னொருவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்த முறையும் ரயிலில்தான் வந்தார், கவுண்டர் டிக்கெட்டில்! செல்போனில் வாங்கித் தருகிறேன் சார் என்றால் கேட்கமாட்டார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், செயலாளர் அதற்குத்தான் கூப்பிட்டார். திரும்பி வந்ததை அவரவருக்குக் கொடுத்தாயிற்று. சமையல்காரரிடம் இருந்த பத்தாயிரத்தை 2022 சாப்பாட்டில் அவரே கழித்துக்கொண்டார், நாங்கள் கேட்கவில்லை. இன்று மதியப் பந்தியும் அவருடையதுதான். கொத்சு இறக்கியாயிற்று என்று ஓரத்திலிருந்து கையைக் காட்டுகிறார். நாளை பிச்சாவரம் வருபவர்கள் காலை ஏழு மணிக்கு வாசலில் வேன் பக்கம் வந்துவிடுங்கள், பெயரை என்னிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.