சட்டசபை வழங்கும் பணமும் நம் ஊர்ப் பள்ளிக்கூடமும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களின் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அண்மையில் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தபொழுது, முதிய விவசாயி ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, பள்ளிக்கூடங்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கியிருப்பதாகப் பத்திரிகையில் போடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரையோ இன்னும் ஒழுகுகிறது. அந்தப் பணம் எந்த வழியாகத்தான் போகிறது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஏரி நிறைந்திருந்தாலும், வாய்க்காலைத் தூர்வாரி வைத்திருப்பவன் வயலுக்கே தண்ணீர் வந்து சேரும். கல்விப் பணம் எந்த மதகின் வழியே, எந்த வாய்க்காலில் வருகிறது என்பதையே இன்று தங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 202-வது பிரிவின்படி, ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்தின் வரவு செலவுத் திட்டம் சட்டசபையின் முன் வைக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே மானியக் கோரிக்கை கொண்டுவரப்படுகிறது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் கோரிக்கை எண் 43. இக்கோரிக்கையைச் சட்டசபை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்தும் வழங்கலாம். ஆனால் தானாகக் கூட்டுவதற்கு அதற்கு அதிகாரம் இல்லை. கவர்னரின் பரிந்துரையின்றி எந்த மானியக் கோரிக்கையும் வர இயலாது என்று 203-வது பிரிவு கூறுகிறது. அங்கத்தினர் ஒருவர், கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுப் பிரேரணை கொண்டுவந்தால், அந்த நூறு ரூபாயை மிச்சப்படுத்துவது அவர் நோக்கமன்று. மக்களின் குறை ஒன்றைச் சபையின் கவனத்திற்குக் கொண்டுவருவதே நோக்கம். கோரிக்கைகள் நிறைவேறி, 204-வது பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டமும் நிறைவேறிய பிறகே அப்பணத்தைச் செலவிட வழி பிறக்கிறது.

இவ்வாறு வழங்கப்பட்ட தொகையும் ஆண்டு முழுவதும் மாறாதிருப்பதன்று. பணம் போதாவிடினும், புதிய வேலை ஏதேனும் தோன்றினும், 205-வது பிரிவின்படி துணை மானியக் கோரிக்கை கொண்டுவரப்படுகிறது. தேர்தல் வரும் ஆண்டிலோ மாறுதல் இன்னும் பெரிதாக இருக்கக்கூடும். 2021-ஆம் ஆண்டைப் பாருங்கள். பிப்ரவரியில் வைக்கப்பட்ட இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்விக்குக் காட்டப்பட்ட தொகை 34,181.73 கோடி ரூபாய். தேர்தலுக்குப்பின் ஆகஸ்டில் வைக்கப்பட்ட திருத்திய திட்டத்தில் அது 32,599.54 கோடி ரூபாயாயிற்று. ஏறத்தாழ 1,582 கோடி ரூபாய் குறைந்தது. அடுத்த ஆண்டாகிய 2022-23-இல் 36,895.89 கோடியாக உயர்ந்தது. 2025-26-ஆம் ஆண்டின் திட்டத்திலோ 46,767 கோடி ரூபாய். குறைத்தது சரியா, கூட்டியது போதுமா என்பது சட்டசபையில் விவாதிக்க வேண்டிய விஷயம். முதலில் பத்திரிகையில் படித்த எண்ணே முடிவான எண் அன்று என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி, அந்த முதியவரின் கூரைக்கு வருவோம். பள்ளிக்கூடம் ஒன்றே, ஆனால் அதற்குப் பணம் வரும் வழிகள் பல. ஆசிரியரின் சம்பளம் பள்ளிக் கல்வித் துறையின் கோரிக்கையில் இருக்கிறது. குழந்தைகளின் மதிய உணவும், 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் சமூக நலத் துறையின் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடமும் பழுதுபார்ப்புமோ ஊரக வளர்ச்சித் துறையின் வழியே நடைபெறுகின்றன. ஆகவே கல்வித் துறைக்கு எத்தனை கோடி கூடினாலும், அதனால் மட்டும் அந்தக் கூரையின் ஓடு மாறிவிடாது. எந்த வாசலில் கேட்பது என்று அறியாமல் கேட்கும் மனு, மேஜைக்கு மேஜை அலைந்து காலத்தைக் கழிக்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் பணிபுரிந்த ஓர் ஒன்றியத்தில், ஒரு பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டப் பணம் ஒதுக்கப்பட்டது. மதிப்பீடு தயாராயிற்று. ஆனால் பள்ளி நிற்கும் இடம் பள்ளிக்கே உரியது என்று காட்டும் ஆவணம் கோப்பில் இல்லை. பஞ்சாயத்தார் அலுவலகத்தை எதிர்பார்த்தனர். அலுவலகம் பஞ்சாயத்தாரை எதிர்பார்த்தது. மார்ச் 31 கடந்தது. செலவழியாத அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது. மறு ஆண்டும் அக்குழந்தைகள் வேப்ப மரத்தடியிலேயே படித்தார்கள். மழை வந்த நாட்களில் வீட்டிற்கு அனுப்பப்பட்டார்கள். அத்தவறில் எனக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோப்பை ஒரு மாதம் முன்பே நான் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவன சில உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பெற்றோர் முக்கால் பங்கினராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஓர் அதிகாரம் அளித்திருக்கிறது. அக்குழு வகுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே மானியங்களுக்கு அடிப்படையாதல் வேண்டும் என்று அச்சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. அத்திட்டத்தைப் பெயரளவில் எழுதாமல், எத்தனை அறை, எத்தனை அடிச் சுவர், எத்தனை குழாய் என்று கணக்கோடு எழுதச் செய்யுங்கள். மார்ச் மாதத்தில் வாசிக்கப்படும் திட்டத்திற்குரிய மதிப்பீடுகள் பல மாதங்களுக்கு முன்பே தயாராகின்றன. ஆதலின் ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளிலேயே தீர்மானம் நிறைவேற்றி, உரிய துறைக்கு அனுப்புங்கள். இடத்தின் ஆவணத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அத்தீர்மானத்தின் பிரதி ஒன்றைத் தங்கள் தொகுதியின் சட்டசபை அங்கத்தினரிடம், மானியக் கோரிக்கை விவாதம் வருமுன் கொடுங்கள். அவர் சபையில் எழுந்து பேசும்பொழுது, கையில் தங்கள் ஊரின் கணக்கு இருக்கட்டும்.

சட்டசபை மதகைத் திறக்கிறது. வாய்க்காலைச் செப்பனிட்டு வைப்பது நம் வேலை. அதில் அலுவலகத்தின் பங்கை நான் செய்கிறேன். ஊரின் பங்கைத் தாங்கள் செய்யுங்கள். அடுத்த மழைக்காலத்தில் எந்தக் குழந்தையும் மழையைக் காரணமாகக் காட்டி வீட்டிற்கு அனுப்பப்படாதிருக்கட்டும்.