பிராக் நகரில் முடிந்த உறுதி



1989ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகராய் விளங்கிய பிராக்கில் கூடிய பாராளுமன்றம், வாக்லாவ் ஹாவெல் என்னும் நாடகாசிரியரை ஏகமனதாக ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. அவ்வாண்டு மே மாதம் வரை சிறையில் இருந்தவர் அவர். அவருக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலோர், அவரைச் சிறையிலிட்ட கம்யூனிஸ்டுக் கட்சியின் ஒப்புதலோடு அவைக்கு வந்தவர்கள்! 1948 பெப்ரவரி முதல் 41 ஆண்டுகள் நிலைத்த ஒரு கட்சி ஆட்சி இவ்வாறு முடிவுற்றது.

அவ்வுறுப்பினர்களுக்கு ஓரிரவில் ஞானம் பிறந்ததா? இல்லை. நவம்பர் 17இல் பிராக் வீதியில் மாணவர் தடியடி பட்டனர். பின்னர் சதுக்கங்கள் மக்களால் நிரம்பின. 27ஆம் நாள் நாடெங்கும் இரண்டு மணி நேரம் வேலை நின்றது. இரு நாட்களின் பின், நாட்டின் தலைமை கட்சிக்கே உரியது என்ற வாசகத்தை அதே பாராளுமன்றம் அரசியல் யாப்பிலிருந்து நீக்கியது. டிசம்பர் 10இல் ஜனாதிபதி ஹுசாக் பதவி துறந்தார்.

சட்டம் பயின்ற நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவு செய்யட்டும் என அப்போது கூறியவர்கள் கம்யூனிஸ்டுகளே! கேட்பதற்கு இனிய சொல். ஆயின், யாப்பின்படி அவ்வுரிமை பாராளுமன்றத்துக்கே இருந்தது. அதை மாற்றக் காலம் செல்லும். காலம் சென்றால் மக்கள் எழுச்சி தணியும். கட்சியின் அமைப்போ நாடெங்கும் அப்படியே இருந்தது. ஆகவே ஹாவெலின் குடிமக்கள் மன்றம் அதற்கு இணங்கவில்லை. பழைய யாப்பின் வழியிலேயே பழைய ஆட்சிக்கு முடிவு கட்டியது.

கமக்காரர் இதனை எளிதில் உணர்வர். காணியை உழுது பயிரிட்டாலும், உறுதி முடியும்வரை வழக்கு ஓயாது. உறுதி மட்டும் பெட்டியில் இருந்து, காணியில் கால் வைக்க முடியாதவனுக்கும் பயனில்லை. அங்கே மக்கள் வீதியில் நின்று காணியைக் கைக்கொண்டனர். பாராளுமன்ற வாக்கெடுப்பு உறுதியை முடித்துக் கொடுத்தது.

எனினும், நேற்றுவரை கட்சி சொன்னதற்கெல்லாம் உயர்ந்த கைகள் இன்று நமக்காக உயர்ந்தால், நாம் மகிழலாம், நம்பியிருக்கலாகாது. அந்நாட்டவரும் நம்பியிருக்கவில்லை. 1990 யூனில், பல கட்சிகள் போட்டியிட்ட தேர்தலில் புதிய பாராளுமன்றத்தை அமைத்தனர். யூலை 5இல் அப்பாராளுமன்றம் ஹாவெலை மீண்டும் தெரிவு செய்தது. அன்றுதான் அவ்வுறுதி பதிவாயிற்று.

மக்கள் திரண்டு நின்றால் அவைகள் பணியும். பணிந்ததை எழுத்தில் வாங்கிப் பதிந்து வைக்கும்வரை நாம் வீடு திரும்பலாகாது.