மலையேற வேண்டிய தண்ணீர்

வடசென்னைச் சடையங்குப்பத்தைச் சுற்றி மணலி, எண்ணூர் ஆலைகளும் டேங்கர் லாரிகளும்தான், காடு கிடையாது. ஆனாலும் காட்டுத் தீயை அணைக்கும் வண்டியைப் பற்றி இங்கிருந்து பேசுவது பொருத்தம். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து இன்று லாரி செய்யும் நிறுவனத்தின் எண்ணூர் ஆலை பக்கத்தில்தான் இருக்கிறது. லாரி சேஸிஸ் மேல் டேங்கும் பம்பும் ஏற்றித் தீயணைப்பு வண்டியாக்குவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அந்த வண்டி ஊருக்கானது. காட்டுக்கு அது பொருந்தாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 4,500 லிட்டர் என்றால் தண்ணீரே நாலரை டன். பாதி காலியான டேங்க் மலை வளைவில் அலம்பினால் வண்டி சாயப் பார்க்கும். பம்பும் பெரும்பாலும் வண்டியின் எஞ்சினிலிருந்தே ஓடுவதால், வண்டியை நிறுத்தித்தான் பீய்ச்ச வேண்டும். காட்டுக்கு வேண்டியது சிறியது: நானூறு, ஐந்நூறு லிட்டர் டேங்க், தனி எஞ்சினோடு ஒரு பம்ப், சுருள் ஹோஸ். மூன்றையும் ஒரே சட்டத்தில் பூட்டினால் எந்த பிக்-அப் முதுகிலும் ஏற்றலாம், சீசன் முடிந்ததும் இறக்கி வைக்கலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது பழகிப்போன ஏற்பாடு.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் மூண்ட தீ, மலையேறப் போன 23 பேரைக் கொன்றது. அந்தச் சரிவில் எந்த வண்டி ஏறியிருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. எதுவும் ஏறியிருக்காது, அதை மறுக்க முடியாது. வண்டியின் வேலை தீயின் வாய்க்குப் போவதல்ல. சாலை முடியும் இடம்வரை ஆளையும் தண்ணீரையும், இலை ஊதும் ப்ளோயரையும், வாரியையும், முதுகில் சுமக்கும் தெளிப்பானையும் கொண்டுசேர்ப்பதே அதன் வேலை. காய்ந்த புல்லில் பிடித்த தீ மேட்டை நோக்கி ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது துறையில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே சிறிதாக இருக்கும்போதே மறிக்க வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் எச்சரிக்கை இன்று கைபேசிக்கே வருகிறது. அதைப் பார்த்துக் கிளம்புகிறவர் கையில் பச்சைக் கொப்பு மட்டும் இருந்தால் போதுமா? ஹெலிகாப்டர் இருக்கிறதே என்றால், 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர் பலமுறை பறந்து சுமார் 16,000 லிட்டர் கொட்டியது. பெரிய உதவிதான். ஆனால் பட்டுப்போன மரத்துக்குள் கனலும் கங்குகளைக் கிளறி அணைக்க மனிதர்தான் நடந்து போக வேண்டும்.

வலுவான ஆட்சேபம் வேறு. காட்டுத் தீ பிப்ரவரி முதல் ஜூன் வரை; மீதி மாதங்களில் கருவி சும்மா கிடக்கும். கருவியைக் கெடுப்பது உழைப்பைவிட இந்தச் சும்மா கிடப்புதான். விட்டுவைத்த பெட்ரோல் கார்புரேட்டரில் பசையாகிறது. பம்பில் தேங்கிய நீர் துருவாகிறது. ஈரத்தோடு மடித்த கேன்வாஸ் ஹோஸ் மட்கி, முதல் அழுத்தத்திலேயே கிழிகிறது. ஆகவே வண்டி வாங்கும் திட்டத்திலேயே ஒரு மெக்கானிக்கின் சம்பளமும் உதிரிபாகப் பெட்டியும் சேர வேண்டும். பம்பைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளுக்கு வடசென்னைப் பட்டறைகளில் பஞ்சமில்லை. பொங்கல் முடிந்த வாரமே ஒவ்வொரு பம்பையும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால், ஒழுகும் ‘சீல்’ வளையத்தை மாற்ற அவகாசம் இருக்கும். மார்ச்சில் மலையடிவாரத்தில் நின்று பம்பின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும்போது அந்த அவகாசம் இருக்காது.